தண்ணீர் தெளித்தவள்



எங்கள் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் இளம் பிள்ளை என்னிடம் வந்தாள். கலியாணம் முடித்து இரண்டு வருடம். கைக்குழந்தையோடு இருப்பவள். "அன்ரி, ஆவிக்குரிய வளர்ச்சிக்கு வாசிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்கோ. வேதப் புத்தகம் வாசிக்கிறன்தான். ஆனால் வாசிச்சு முடிய மனம் அப்படியே கிடக்குது" என்றாள். நான் யோசிக்காமல் 'மோட்சப் பிரயாணம்' என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது அம்மம்மா காலத்துக் கதையெல்லோ அன்ரி!"

அம்மம்மா காலத்துக் கதைதான், மறுக்கவில்லை. என் அம்மம்மாவும் அதைத்தான் வாசித்தார். ஆனால் அந்தப் பிள்ளையின் சிரிப்பு வீடுவரை என்னோடு வந்தது. பழைய பாணியில் எழுதிய ஒரு கதை இந்தக் காலத்துப் பெண்ணுக்கு என்ன செய்யும்? எனக்கு அது செய்ததைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமான காரியமும் அதற்குள் உண்டு.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களை அநுபவித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு நினைவிருக்கும். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், மேலே ஒரு நூல் திரி. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமமாக விற்ற காலம் அது. அந்த வெளிச்சத்தில் ஒரு புத்தகத்தை ஒருவர்தான் பிடித்து வாசிக்க முடியும். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்கவேண்டும். அம்மா வாசிப்பார். ஓர் இரவுக்கு ஒரு சம்பவம் மட்டுந்தான். பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினாலும் விளக்கை ஊதிவிடுவார். எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார். ஆனால் அந்தப் புத்தகத்தை வாசிக்க அதைவிட நல்ல முறை இல்லை என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. இருட்டில் படுத்துக்கொண்டு அந்த ஒரு சம்பவத்தையே நினைத்துக்கொண்டிருப்போம்.

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாசபுரி என்ற ஊரில் இருக்கும் ஒருவன், முதுகில் பெருஞ்சுமையோடு, மோட்ச நகரத்தைத் தேடிப் புறப்படுகிறான். உளையில் விழுகிறான், மலையேறுகிறான், சிலுவையடியில் சுமை தானாகக் கழன்று விழுகிறது, சந்தையில் அடிபடுகிறான், இராட்சதனிடம் சிறைப்படுகிறான், கடைசியில் ஆற்றைக் கடக்கிறான். வழியில் வருவோர் எல்லாருக்கும் குணங்களே பெயர்கள். எழுதியவர் ஜோன் பன்யன். இங்கிலாந்தில் பெட்போர்ட் என்னும் ஊருக்கு அருகே பிறந்து, பாத்திரம் ஒட்டும் தொழில் செய்தவர். அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்று 1660இல் பிடிபட்டு 12 வருடம் சிறையில் இருந்தார். முதற்பாகம் 1678இல் வெளிவந்தது. இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

அவர் சொல்லாத அந்த வார்த்தைக்கு விலை கொடுத்தவள் அவருடைய மனைவி எலிசபெத். இதை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. அவள் இரண்டாந்தாரமாக வந்தவள். கணவன் பிடிபட்ட அதிர்ச்சியில் அவள் வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. மூத்த தாரத்துப் பிள்ளைகள் நால்வர், அதில் மூத்தவளுக்குக் கண் தெரியாது. 1661இல் அந்தப் பெண் நீதிபதிகள் முன்னே தானே போய் நின்று கணவனை விடும்படி வாதாடினாள். விடவில்லை. அவர் சிறைக்குள் சப்பாத்து நாடா போன்ற நாடாக்களுக்கு முனை கட்டி விற்றுக் குடும்பத்துக்குக் கொடுத்தார். சிறை வாசலில் நின்ற பெண்கள், தடுப்பு முகாம் வாசலில் நின்ற பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு எலிசபெத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

இந்தப் புத்தகம் நம் மண்ணுக்கு அந்நியமும் அல்ல. அதைத் தமிழாக்கியவர்களில் ஒருவர், 1820இல் யாழ்ப்பாணம் வந்து 1873இல் உடுவிலிலேயே காலமான அமெரிக்க மிஷனரி லீவை ஸ்போல்டிங் ஐயர். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையை வளர்த்ததில் ஸ்போல்டிங் தம்பதிக்குப் பெரும்பங்கு உண்டு. 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் அங்கே சுமார் 40 வருடம் படிப்பித்தார். ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல் 1883இல் இங்கேயே கண்மூடினார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய பெண்களின் வீடுகளில் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக இருந்தது இந்தக் கதை. தமிழ்நாட்டில் சாமுவேல் பவுல் ஐயரின் மொழிபெயர்ப்புப் பெயர்பெற்றது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையோ இதைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தையே பாடிவிட்டார். கம்பனைக் கற்றவர் கைபட்ட காவியம். அது எனக்கு எட்டாத உயரம், வசனமே போதும்.

நம் பெண்ணொருத்தி எழுதிய பழைய கிறிஸ்தவ நாவலும் உண்டு. மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட 'நொறுங்குண்ட இருதயம்'. ஈழத்துத் தமிழில் நாவல் எழுதிய முதற்பெண் என்று இலக்கிய வரலாறு எழுதியோர் அவரைக் குறிப்பர். 1926இல் 'அரியமலர்' என்ற நாவலையும் தந்தார். முதல் நாவலின் தலைப்பே 51ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்ததுதான். கண்மணி என்ற பெண்ணின் இல்லறத் துன்பமும் பொறுமையும் அதில் வருகின்றன. யாழ்ப்பாணக் குடும்பங்களின் பேச்சும் நடப்பும் அறிய அதை வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பொறுமையைப் போற்றும் கதைகளை நம் பெண்களிடம் கொடுக்கும்போது எனக்குள் ஒரு தயக்கம் இருக்கும். அடிக்கிற கணவனிடம் அடிவாங்கிக்கொண்டிருப்பதைச் சிலுவை சுமப்பது என்று எண்ணிவிடக்கூடாது. அப்படி எண்ணி உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்களை நான் அறிவேன்.

அதேபோல 'மோட்சப் பிரயாண'த்திலும் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. நாசபுரியை விட்டு ஓடுகிறவன் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டல்லவா ஓடுகிறான்! அவர்கள் பின்னால் நின்று கூப்பிடக் கூப்பிட, காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு ஓடுகிறான். அவன் அழைத்தபோது அவர்கள் ஏளனம் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் சின்ன வயதில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அம்மாவிடம் கேட்டேன். "பொறு பிள்ளை, இரண்டாம் பாகம் இருக்கு" என்றார்.

இரண்டாம் பாகம் 1684இல் வந்தது. அதில் அந்த மனைவி கிறிஸ்தீனாள் நான்கு ஆண்பிள்ளைகளையும், இரக்கம் என்ற அயல்வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அதே பாதையில் புறப்படுகிறாள். முதற்பாகத்தைவிட இது மெதுவான கதை. விமர்சகர்கள் முதற்பாகத்தையே உயர்த்திச் சொல்வர். நான் அவர்களோடு சேரமாட்டேன். இரண்டாம் பாகத்தில் சமையல் இருக்கிறது, தையல் இருக்கிறது, பிள்ளைக்கு வயிற்றுவலி இருக்கிறது. களவாய்ப் பழம் தின்று வயிறு வலித்துக் கிடக்கும் மூத்தவன், மருந்துக் குளிசையை விழுங்க மறுக்கிறான். தாய் அதை எடுத்துத் தன் நாக்கு நுனியில் தொட்டுப்பார்த்துத் தேனிலும் இனிப்பு என்று சொல்லிக் கொடுக்கிறாள். எந்தத் தாய் இதைச் செய்யாதவள்? இன்னோரிடத்தில் கோழியும் குஞ்சுகளும். தாய்க்கோழி கூப்பிடும் விதம் நான்கு என்கிறார் பன்யன். நாள் முழுதும் கூப்பிடுவது ஒன்று, இடைக்கிடை விசேஷமாகக் கூப்பிடுவது ஒன்று, செட்டைக்குள் அணைக்கும்போது ஒன்று, பகையைக் கண்டு அலறுவது ஒன்று. தேவன் மனுஷரை அழைப்பதும் இப்படித்தானாம். அதை வாசித்தபின் நான் எங்கள் வளவுக் கோழியைச் சும்மா பார்த்ததில்லை. பருந்து வரும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டால் பன்யன் கோழி வளர்த்தவர் என்றே தோன்றும்!

இனி நான் வெட்கப்படும் காரியத்துக்கு வருகிறேன்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்திலிருந்து நாங்கள் இலட்சக்கணக்கில் வெளிக்கிட்ட நாள். காணி உறுதி, அடையாள அட்டைகள், ஒரு பானை, இரண்டு பாய், நடக்கமுடியாத அம்மா. சைக்கிளில் அம்மாவை இருத்தி உருட்டிக்கொண்டு மழையில் நாவற்குழிப் பாலத்துக்கு வர விடிந்துவிட்டது. அம்மம்மாவின் புத்தகம் அலுமாரியிலேயே இருந்துவிட்டது. அம்மா தென்மராட்சியில் ஓர் ஓலைக்கொட்டிலில் அடுத்த மாசியில் காலமானார். அதைப் பிறகு சொல்கிறேன்.

1996இல் ஊர் திரும்பியபோது வீட்டில் கூரையில் பாதி இல்லை. யன்னல்கள் இல்லை. என் தையல் மெஷின் இல்லை. கணவர் இறந்தபின் அந்த மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. போனால் போகட்டும் என்று நினைத்திருப்பேன், மூன்று மாதம் கழித்து அதை என் மச்சாள் வீட்டு விறாந்தையில் காணாதிருந்தால். எங்களுக்கு முன்னே ஊர் திரும்பியவர்கள் அவர்கள். மேசைப் பலகையில் என் மகன் சின்ன வயதில் ஆணியால் கீறிய கோடு அப்படியே இருந்தது. கேட்டேன். ரோட்டில் விற்றவர்களிடம் காசு கொடுத்து வாங்கியது என்றாள். நான் நம்பவில்லை. அன்றிலிருந்து பத்து வருடம் அவளோடு நான் பேசவில்லை. ஒரே கோவில், ஒரே வாங்கு வரிசை, ஒரே அப்பத்தையும் பாத்திரத்தையும் வாங்கினோம், பேசவில்லை.

மன்னிக்க நான் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தபசு காலத்திலும் தீர்மானம் எடுப்பேன். உபவாசம் இருப்பேன். "மன்னிக்கவேண்டும், மன்னிக்கவேண்டும்" என்று எனக்கே கட்டளையிடுவேன். கட்டளையிட இட, மெஷின் மட்டுமல்ல, அதற்கு முந்திய இருபது வருடக் கதைகளும் எழும்பும். கலியாண வீட்டில் அவள் சொன்ன சொல், சீதனத்தில் நடந்த குழறுபடி, என் தாயின் செத்தவீட்டுக்கு அவள் வராதது. உயிர்த்த ஞாயிறு வரும்போது முன்னையிலும் மோசமாக இருப்பேன்.

2005இல் ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல 'மோட்சப் பிரயாணம்' தேவைப்பட்டது. சென்னையில் அச்சான பிரதி ஒன்றை ஒரு சகோதரி தந்தார். முதற்பாகத்தில் வியாக்கியானியின் வீட்டுக்கு வந்தேன். அங்கே ஓர் அறை. ஒருநாளும் கூட்டாத அறை. வீட்டுக்காரர் ஒருவனை அழைத்துக் கூட்டச் சொல்கிறார். அவன் கூட்டக் கூட்ட, தூசி எழும்பி, பிரயாணி மூச்சுத் திணறிப்போகிறான். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணைத் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கச் சொல்கிறார். அவள் தெளித்தபின் கூட்ட, அறை சுத்தமாகிறது. அறை மனுஷ இருதயம். கூட்டியவன் நியாயப்பிரமாணம், அதாவது கட்டளை. அது பாவத்தைக் கிளப்பிக் காட்டும், அகற்ற மாட்டாது. தெளித்த தண்ணீர் சுவிசேஷத்தின் கிருபை.

இந்தச் சம்பவத்தைச் சின்ன வயதில் ஜாம் போத்தல் வெளிச்சத்திலே கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் ஆயிரம் விடியற்காலையில் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறேன். அம்மா சொல்லித்தந்ததே அதுதான்: "காய்ஞ்ச நிலத்தைக் கூட்டாதை பிள்ளை, தூசி எழும்பித் திரும்ப அங்கைதான் படியும்." பத்து வருடமாக நான் காய்ந்த நிலத்தைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு முன்னே வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன். அவர்கள் எனக்குத் தலைசுற்று என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். அதுவும் தண்ணீர்!

உடனே போய் மச்சாளைக் கட்டிப்பிடித்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. நான் செய்தது ஒன்றுதான். தீர்மானம் எடுப்பதை விட்டேன். "ஆண்டவரே, நீர்தான் தெளிக்கவேண்டும்" என்று மட்டும் ஒவ்வொரு காலையும், முற்றம் தெளிக்கும்போதே சொன்னேன். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சீனியும் மாவும் சங்கக்கடை வரிசையில் நின்றால் கிடைக்கும், சிலவேளை கிடைக்காது. அந்த நாட்களில் மச்சாளின் கணவர் இறந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். இருந்த மாவில் இடியப்பம் அவித்து, ஒரு சம்பலும் அரைத்து, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டுபோனேன். போகும் வழியிலேயே இரண்டுதரம் திரும்பிவிட நினைத்தேன்.

அவள் குசினிக்குள் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். இருவரும் பேசவில்லை. ஒரு துண்டு இடியப்பம் பிய்த்துத் தின்றாள். சுவரோரம் என் மெஷின், மேலே ஒரு பழைய சேலைத் துண்டு போர்த்தியிருந்தது. வெகுநேரம் கழித்து, "அது நான் வாங்கினதுதான். ஆரிட்டை எண்டு மட்டும் கேக்காதை" என்றாள். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அடுத்த கிழமை மெஷினைத் திருப்பித் தந்தாளா என்று கேட்பீர்கள். தரவில்லை. என் பேத்தியின் பள்ளிச் சட்டையை அதில் தைத்துத் தந்தாள், கூலி வாங்கவில்லை. சில நாட்களில் எனக்கு இன்னமும் தூசி எழும்பும்.

ஆகவே அந்த இளம் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். வேத வசனத்துக்குப் பதிலாக இதை வாசிக்கவேண்டாம். பன்யனே அதை ஒப்பமாட்டார், அவர் கதையின் ஒவ்வொரு ஓரத்திலும் வேத வாக்கியந்தான் இருக்கிறது. வேதம் சொல்வதைத் தன் வீட்டு முற்றத்தில் காணத் தெரியாதவளுக்குக் கதை அதைக் காட்டித்தரும், அவ்வளவுதான். ஒரே மூச்சில் வாசித்து முடிக்காமல் ஓர் இரவுக்கு ஒரு சம்பவம் போதும். சத்தமாக, யாருக்காவது வாசித்துக் காட்டுவது நல்லது, குழந்தைக்கென்றாலும் சரி. பிரயாணிகளில் தான் யார் என்று தேடவேண்டும். நாம் எல்லாரும் கதாநாயகனைத்தான் முதலில் தெரிவோம். ஆனால் நான் நம்பிக்கையிழவு இராட்சதனின் கோட்டையில் கிடந்தவள். அங்கே பிரயாணிகள் இருவரும் புதன் காலை தொடங்கிச் சனி இரவு வரை தண்ணீர்கூட இல்லாமல் கிடக்கிறார்கள். அவர்களை அடிக்கச் சொல்லி இராட்சதனுக்கு யோசனை கொடுப்பவள் அவன் மனைவி, பன்யன் அதற்கும் ஒருத்தியை வைத்துவிட்டார்! சனி நள்ளிரவிலிருந்து ஜெபம் பண்ணி விடியுமுன்தான் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்ற திறப்பு அவன் மடியிலேயே இருந்திருக்கிறது.

குறையையும் சொன்னேன். எழுதியவர் தன் காலத்துச் சண்டைகளையும் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார். பாப்பரசரை ஒரு கிழட்டு இராட்சதனாகக் குகை வாசலில் இருத்தியிருக்கிறார். நமது அயலட்டையில் பாதிப்பேர் கத்தோலிக்கர். இடப்பெயர்வில் எங்களுக்கு இடம் தந்த வீடும் கத்தோலிக்க வீடுதான். அந்தப் பக்கத்தை நான் பிள்ளைகளுக்கு வாசிப்பதில்லை. பெரியவர்கள் வாசித்து, அது அந்தக் காலத்துப் பகை என்று அறிந்து தாண்டிப் போகலாம்.

இரண்டாம் பாகத்தின் முடிவை விடவேண்டாம் என்றும் சொன்னேன். கிறிஸ்தீனாளோடு சேர்ந்து நடப்பவர்கள் ஊன்றுகோல்காரனும், மனத்திடம் அற்றவனும், மனமுடைந்த ஒரு கிழவரும், பெரும்பயம் என்ற பெயருடைய அவர் மகளுமாக இருக்கிறார்கள். கூட்டம் முழுவதும் அவர்களுடைய வேகத்துக்கே நடக்கிறது. நாவற்குழிப் பாலத்தில் நாங்களும் கிழவிகளின் வேகத்துக்குத்தான் நடந்தோம். இராட்சதனின் கோட்டையை இடித்த அன்று ஊன்றுகோல்காரன் ஒரு கையில் கோலை ஊன்றிக்கொண்டே அந்தப் பயந்த பெண்ணின் கையைப் பிடித்து ஆடுகிறான். பிறகு ஒவ்வொருவராக ஆற்றங்கரைக்கு அழைக்கப்படுகிறார்கள். வாழ்நாளெல்லாம் பயந்த அந்தப் பெண் பாடிக்கொண்டே ஆற்றைக் கடக்கிறாள். ஆனால் என்ன பாடினாள் என்பது எவருக்கும் விளங்கவில்லையாம்.

என் அம்மா கொட்டிலுக்குள் படுத்திருந்த கடைசி இரவு. வாய் அசைந்துகொண்டிருந்தது, மெல்லிய ராகமும் இருந்தது. தண்ணீர் கேட்கிறாரோ என்று காதை வைத்துப் பார்த்தேன். பாட்டென்று மட்டும் தெரிந்தது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. ஏதோ சொல்ல நினைத்ததை நான் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று வருடக்கணக்காக அழுதிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்த நாளில்தான் அந்த அழுகை நின்றது.

அந்தப் பிள்ளை புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் இரண்டு கிழமையாயிற்று. முந்தநாள் தொலைபேசி எடுத்தாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "அன்ரி, அந்தத் தூசி அறை வரைக்கும் வந்திட்டன். ஒண்டு கேக்கவேணும். தண்ணி தெளிக்கிற பிள்ளைக்குப் பெயர் என்ன? எல்லாருக்கும் பெயர் வைச்சவர், அவளுக்கு மட்டும் வைக்கேல்லையே?"

அவளிடமே பக்கத்தைப் புரட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். உண்மைதான், பெயர் இல்லை. ஐம்பது வருடமாக அந்தக் கதையோடு இருக்கிறேன், நான் கவனித்ததில்லை.